பேய்ச் சிரிப்பும் மாம்பலம் டைப்ரைட்டிங் கிளாஸும்

பேயாகச் சிரிப்பது சுலபமான வேலை, சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, "இன்னிக்குக் கிளாஸ்ல என்ன அடிச்சே?" என்று அப்பா கேட்கும்போது முகத்தை நேராக வைத்துக்கொள்வதுதான் கஷ்டம்.

எழுபதுகளின் பிற்பகுதி. மெட்ராஸுக்கு டெலிவிஷன் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் பி.யு.சி. முடித்துவிட்டு சிட்லபாக்கத்தில் வீட்டோடு இருந்தேன். வயது பதினெட்டு. என் பெயர் எஸ்தர். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை டி.வி.யில் வந்த ஒரு பேய் நாடகத்தில் பேய்க்குக் குரல் கொடுத்தேன். அதே சமயத்தில் ஒருவரை விரும்பவும் செய்தேன். இரண்டுமே வெளியே தெரியக் கூடாத சமாசாரம். எந்தப் பொய்யை யாரிடம் சொன்னோம் என்று எலெக்ட்ரிக் ரயிலில் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இப்படிப் பக்கத்தில் வாருங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி.

வேலை கிடைத்த விதம்

எங்கள் சர்ச் பாடகர் குழுவை ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காக டி.வி. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பாடி முடித்து வெளியே வரும்போது, எங்கள் ஆர்மோனியக்காரர் கண்ணாடிக் கதவு திறந்திருப்பதாக நினைத்து நேரே போய் முட்டிக்கொண்டார். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குப் பொத்த வரவில்லை. அந்த நீளமான வராந்தாவில் என் சிரிப்பு ஒரு கோடிக்குப் போய் முட்டித் திரும்பி வந்தது. திரும்பி வந்ததைக் கேட்டு எனக்கே உடம்பு சில்லிட்டது.

ஒரு அறையிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வேகமாக வெளியே வந்து, "யார் இப்போ சிரிச்சது?" என்றார். நாடகத் தயாரிப்பாளர் மூர்த்தி சார். ஆர்மோனியக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே என்னைக் காட்டிக்கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். மூர்த்தி சார் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இன்னொரு முறை சிரிக்கச் சொன்னார். பயத்தில் அழுகைதான் வந்தது. அதையும் கவனமாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"பயப்படாதேம்மா. உன்கிட்ட ஒரு நல்ல பேய் இருக்கு."

அம்மாவின் தீர்ப்பு

விஷயம் இதுதான். பேயாக நடிக்க சந்திரிகா என்று ஒரு நடிகையைப் பிடித்திருந்தார்கள். கண் இரண்டும் அப்படி ஒரு கண். ஆனால் வாயைத் திறந்தால் நர்சரி ஸ்கூல் பிள்ளையின் குரல். அதனால் அவர் வாயை அசைப்பார்; செட்டுக்குப் பின்னால் பலகை மறைவில் நின்று, இடுக்கு வழியாக அவர் வாயைப் பார்த்தபடி நான் தனி மைக்கில் சிரிக்க வேண்டும், முனக வேண்டும். என் பெயர் எங்கேயும் வராது. குரல் என்னுடையது என்று வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது. இது சந்திரிகாவின் நிபந்தனை. மூர்த்தி சாரிடம் வாக்குக் கொடுத்தேன்.

அப்பா கணக்கு வாத்தியார். அதோடு சபைக் காரியதரிசி. அவரிடம் டி.வி.யில் நடிப்பு என்றாலே நடக்காது. டி.வி.யில் பேய் என்றால் கேட்கவே வேண்டாம். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். வீட்டில் ஒருவருக்குச் சொல்லாமல் முடியாது என்று மூர்த்தி சாரே சொல்லியிருந்தார். அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள். மாம்பலத்தில் டைப்ரைட்டிங் கிளாஸ் என்று அப்பாவிடம் சொல்லலாம் என்று யோசனை சொன்னதும் அவள்தான். "பாவம் இல்லையாம்மா?" என்று கேட்டேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நடிக்கிறதைத்தான் அப்பா வேண்டாம்பார். சிரிச்சா பாவம்னு எந்த வசனத்திலயும் இல்லை."

தொழில் கற்றுக்கொண்டது

ஸ்டேஷனில் இடி, மழை, நரி, ஆந்தை எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், பாஷா பாய். ராயபுரத்துக்காரர். ஒரு தகரத்தை ஆட்டி இடி இடிப்பார். முதல் நாள் நான் சிரித்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மூச்சை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "தொண்டைலேந்து சிரிச்சா அது கோழிம்மா. வவுத்துலேந்து எடு" என்பார்.

பேய் வேலை என்றாலும் பட்டப்பகலில்தான் ரிக்கார்டிங். காலை வெயிலில் சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய், சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவேன். ஒரு வாரம் கடுமையான ஜலதோஷம். மூக்கடைப்போடு நான் சிரித்த சிரிப்பு, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வருமே, அது மாதிரி இருந்தது. சந்திரிகாவே வாயைத் திறந்தபடி சிரித்துவிட்டார். ஸ்டுடியோவில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. பாஷா பாய் மட்டும் எழுந்து போய் மிளகுப் பால் வாங்கிக்கொண்டு வந்தார்:

"இத்த குட்ச்சிட்டு சிரிம்மா. ஜனம் பேயைப் பார்த்து பயப்படணும், பரிதாபப்படக் கூடாது."

இருமல்

சாமுவேல் எங்கள் பாடகர் குழுவில் கிடார் வாசிப்பவர். என்னைவிட ஒரு வயது மூத்தவர். கிழக்குத் தாம்பரத்திலிருந்து தினம் பட்டணத்துக் கல்லூரிக்குப் போவார். அவர் தாம்பரத்தில் ஏறுவார், நான் சானடோரியத்தில். ஆண்கள் பெட்டிக்கும் பெண்கள் பெட்டிக்கும் நடுவில் ஒரு கம்பித் தடுப்பு. முதலில் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குட்மார்னிங் மட்டும் வந்தது. பிறகு வேர்க்கடலைப் பொட்டலம் வந்தது. திரும்பி வரும்போது இருவரும் ஒரே ரயிலில் வருகிற மாதிரி தானாக அமைந்தது என்று சொல்ல ஆசைதான். டி.வி. ஸ்டேஷனிலிருந்து நான் பஸ்ஸில் மாம்பலம் வந்து காத்திருந்து, அவர் வருகிற ரயிலில் ஏறினேன்.

ஒரு சிக்கல். பாடகர் குழுவில் பையன்கள் எல்லாரையும் 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும். சாமுவேலையும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாளிலிருந்து அந்த வார்த்தை நாக்கில் வர மறுத்தது. பெயரைச் சொல்லவும் கூச்சம். அதனால் அவரைக் கூப்பிட வேண்டும் என்றால் இருமுவேன். பயிற்சிக்கு நடுவில் இருமல், பிளாட்பாரத்தில் இருமல். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, குரோம்பேட்டை தாண்டும்போது கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்டார்:

"மருந்து வாங்கித் தரட்டுமா, இல்ல அதுதான் என் பேரா?"

ராகவன் சார் வீட்டு டி.வி.

எங்கள் தெருவில் டி.வி. இருந்தது ரிட்டயரான ராகவன் சார் வீட்டில் மட்டும். செவ்வாய்க்கிழமை வந்தால் அவர் வீட்டு ஹாலில் உட்கார இடமிருக்காது. ஜன்னலுக்கு வெளியேயும் தலைகள். மற்றவர்களைப் போல நானும் போய் உட்கார்ந்தேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வருமே. அம்மாவும் வந்தாள்.

திரையில் சந்திரிகா கூந்தலை விரித்துக்கொண்டு கிணற்றடியில் வந்து நின்றார். என் சிரிப்பு அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. முன் வரிசையில் இருந்த பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். யாரோ விளக்கைப் போடச் சொன்னார்கள். நானும் கண்ணைப் பொத்திக்கொண்டேன். அது பயத்தால் என்று எல்லாரும் நினைத்தார்கள். பெருமையில் பல் தெரிந்துவிடுமோ என்றுதான் பொத்திக்கொண்டேன். ராகவன் சார் மனைவி லலிதா மாமி, அம்மாவின் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தவர், நாடகம் முடிந்து திரையில் பெயர்கள் வந்ததும் மூச்சு விட்டு அம்மாவிடம் சொன்னார்:

"என்ன சிரிப்புடி அம்மா இது! இவளைப் பெத்தவ எப்படித்தான் ஒரே வீட்டில இருக்காளோ, பாவம்!"

மாம்பலத்தில் இல்லாத கிளாஸ்

சாமுவேலுக்கும் டைப்ரைட்டிங் கதையைத்தான் சொல்லியிருந்தேன். வாக்கு வாக்குதானே. இவர் ஒரு மத்தியானம் கல்லூரி சீக்கிரம் விட்டது என்று, என்னை ஆச்சரியப்படுத்த மாம்பலத்துக்கே போய்விட்டார். அங்கிருந்த இரண்டு இன்ஸ்டிட்யூட்டிலும் ஏறிக் கேட்டிருக்கிறார். எஸ்தர் என்று ஒருத்தியும் கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் நான் மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பிளாட்பாரத்துக்கு ஓடி வந்ததையும் பார்த்துவிட்டார்.

"கிளாஸ் எப்படி இருந்தது?" என்று கேட்டார். "நல்லா இருந்தது" என்றேன். "எங்கே போயிட்டு வரே?" என்றார். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். ரயில் வந்தது, இருவரும் ஏறவில்லை. அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். முகம் சின்னதாகிவிட்டது. வேறு யாரோ இருப்பதாக நினைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. மூர்த்தி சாருக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து நின்றுபோனேன். அடுத்த ரயில் வந்தபோது சாமுவேல் தனியாக ஏறிக்கொண்டார். ஏறுவதற்கு முன்னால் சொன்னது இவ்வளவுதான்:

"நீ எங்கே போறேன்னு இனிமே கேக்க மாட்டேன். எங்கே போறதில்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

மெர்ஸி ஆன்ட்டியின் காய்ச்சல்

அதற்குப் பிறகு தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை. முந்தின ரயிலுக்குப் போய்விடுவார். பாடகர் குழுவில் நான் உண்மையிலேயே இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் சரியாகச் சாப்பிடவில்லை. பேய்க்கு மட்டும் அந்த வாரங்களில் முனகல் பிரமாதமாக வந்தது. பாஷா பாய் பாராட்டினார்.

அப்போதுதான் சாமுவேலின் அம்மா மெர்ஸி ஆன்ட்டிக்குக் காய்ச்சல் என்று சர்ச்சில் சொன்னார்கள். கணவர் இல்லாதவர்; நர்ஸாக வேலை பார்த்து மகனைப் படிக்க வைத்தவர். எத்தனையோ பேர் கண்ணை மூடும்போது பக்கத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவருக்கு டி.வி.ப் பேயின் சிரிப்பைக் கேட்டு நடுக்கம் கண்டு, கண்ணை மூடினால் அந்தச் சத்தமே கேட்கிறதாம். பாடகர் குழு ஜெபம் பண்ணப் போனது. நானும் போனேன். சாமுவேல் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் என்னை ஒரு கீர்த்தனை பாடச் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன். ஆன்ட்டியின் நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. என் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கமாக நான் உட்கார்ந்ததில்லை.

"தினம் வந்து பாடும்மா. உன் குரலைக் கேட்டாத்தான் எனக்கு அந்தப் பிசாசு சத்தம் மறக்குது."

சந்திரிகாவின் அனுமதி

மறுநாளே மூர்த்தி சாரிடம் போய் நின்றேன். ஒரே ஒருவரிடம் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும், இல்லையென்றால் என்னால் சிரிக்க முடியாது என்றேன். அவர், "வாக்கு எனக்கில்லையேம்மா, சந்திரிகாவுக்குத்தானே" என்று மேக்கப் அறைக்கு அனுப்பினார்.

சந்திரிகா கண்ணுக்குக் கறுப்பு தீட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். அவரிடம் நான் அதுவரை தனியாகப் பேசியதே இல்லை. முழுக்கதையையும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பிள்ளைக் குரலில், தன் குரலைக் கேட்டு இதுவரை எத்தனை சினிமாக் கம்பெனியில் சிரித்து அனுப்பினார்கள் என்று சொன்னார். இந்த நாடகத்தில்தான் முதல் தடவையாகத் தெருவில் ஜனங்கள் தன்னைப் பார்த்து ஒதுங்கி வழி விடுகிறார்களாம். அது போய்விடக் கூடாது என்றுதான் அந்த நிபந்தனை. "வேண்டாம் அக்கா, நான் சொல்லலை" என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார்:

"ஒருத்தர்கிட்டதானே? சொல்லு. ஆனா அவரையே கல்யாணம் பண்ணிக்கோ. அப்பத்தான் வெளியில சொல்ல மாட்டார்."

பிளாட்பாரத்தில் நிரூபித்தது

சாயங்காலம் மாம்பலத்தில் ரயில் ரயிலாகப் பார்த்து, கடைசியில் சாமுவேல் இருந்த பெட்டி ஜன்னலில் போய், இருமாமல், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இறங்கிவிட்டார். சொன்னேன். அவர் நம்பவில்லை. இதைவிட நல்ல பொய் கிடைக்கவில்லையா என்பது போலப் பார்த்தார்.

வேறு வழி? கைப்பையை பெஞ்சில் வைத்தேன். மூச்சை வயிற்றில் பிடித்தேன். சிரித்தேன். மேற்கூரைத் தகரத்தில் இருந்த புறாக்கள் மொத்தமும் எழும்பின. ஒரு பெரியவர் குடையை விட்டுவிட்டு நடந்தார். சாமுவேல் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். வெகு நாளைக்கு அப்புறம் அந்த முகம் பழையபடி பெரிதானது. அவரும் சிரிக்க ஆரம்பித்தார், சாதாரண மனுஷச் சிரிப்பு. டீ விற்பவர் கெட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றே சாமுவேலை எச்சரித்தார்:

"இன்னா சார், சிரிச்சிகினு குந்திகினுகீற? அந்தப் பொண்ணுக்கு பேய் புட்ச்சிகினு கீது. சுருக்கா வூட்டாண்ட இட்டுகினு போ சார்!"

வைத்தியம்

தன் அம்மாவிடம் இதை மறைக்கத் தன்னால் முடியாது என்று சாமுவேல் சொல்லிவிட்டார். சந்திரிகாவிடம் மறுபடி போய்க் கேட்டேன். "மாமியாரும் கணக்கில் சேர்த்திதான்" என்று விட்டுவிட்டார். ஒரு காலை வேளை மெர்ஸி ஆன்ட்டியின் சமையலறையில், வெளிச்சத்தில், அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். வெங்காயம் கையிலிருந்து உருண்டது. குனிந்து எடுக்கவில்லை. இந்த வீட்டு வாசல் இத்தோடு சரி என்று நினைத்தேன்.

பிறகு, "சிரிச்சுக் காட்டு" என்றார். மெல்லச் சிரித்தேன். அவர் உடம்பு ஒரு தரம் குலுங்கியது. "இன்னொரு வாட்டி." சிரித்தேன். என் வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றார். நோயாளியைச் சோதிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்:

"இவ்வளவுதானா? இந்த வயித்து வித்தைக்கா நான் ரெண்டு ஊசி போட்டுக்கிட்டேன்!"

ஒரே வாக்கியம்

ஆன்ட்டிக்குப் பயம் போனது. பயத்தோடு சேர்ந்து எச்சரிக்கையும் போய்விட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் சர்ச் வாசலில் நிற்கிறோம். அப்பாவிடம் வந்து ஸ்தோத்திரம் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். சந்தோஷ மிகுதியில், என் இரண்டு ரகசியங்களையும் ஒரே வாக்கியத்தில் போட்டு உடைத்தார். அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், நான் அம்மாவுடையதை. அப்பா புன்னகை மாறாமல் கேட்டுக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

"எங்க சாமுவேலைக் கட்டிக்கப் போற பொண்ணு அந்த டி.வி. பேய்க்கு என்னமா சிரிக்கிறா சார், நீங்க குடுத்து வச்சவர்!"

கடைசி ரிக்கார்டிங்

அப்பா வீட்டில் கத்தவில்லை. அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். வேண்டியதைச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே கேட்டார். ஒரு நாள் அம்மா கதவுக்குப் பின்னால் அழுதது எனக்குக் கேட்டது. எல்லாம் என்னால்தானே. நாடகத்தில் இன்னும் ஒரே ஒரு பாகம் பாக்கி. அதில் பேய்க்கு விடுதலை. சிரிப்பே கிடையாது, அழுகைதான். நான் போகப் போவதில்லை என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "வாக்குக் குடுத்திருக்கியா?" என்றார். "ஆமாம்பா." சட்டையை மாட்டிக்கொண்டு அவரே என்னை அழைத்துக்கொண்டு போனார். நான் செட்டுக்குப் பின்னால் அழுது முடிக்கும் வரை வாசலில் பேப்பரை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். பாஷா பாய் இரண்டு தடவை டீ கொண்டுபோய்க் கொடுத்தாராம்.

அந்தப் பாகம் வந்த செவ்வாய்க்கிழமை, நாங்கள் ராகவன் சார் வீட்டில் உட்கார்ந்த பிறகு, அப்பா வந்து கதவருகில் நின்றார். அவரைக் கண்டதும் ராகவன் சார் நாற்காலி போட்டார், அப்பா உட்காரவில்லை. திரையில் பேய் தன் குழந்தையை ஒரு தரம் தொட்டுப் பார்க்கக் கேட்டு அழுதது. லலிதா மாமி மூக்கை உறிஞ்சினார். வீட்டுக்குத் திரும்பும்போது சிட்லபாக்கம் ஏரிக் காற்று நன்றாக வீசியது. அப்பா எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவர், நின்று, நாங்கள் வந்து சேரும் வரை காத்திருந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்:

"அழுகை நல்லா இருந்தது. சிரிப்பைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

ஆக, அந்த ஒரு வருஷத்தில் நான் பயமுறுத்தியவர்களில் ஒருவரும் என்னை விட்டு ஓடவில்லை. ஒருவரைச் சில வருஷம் கழித்து நான் கல்யாணம் செய்துகொண்டேன், மற்றவர்கள் விருந்துக்கு வந்து உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.